ஒருசொட்டு மாமாவின் ரத்தம்

கஞ்சர்களில் நான் பார்க்காத வகை இல்லை. விருந்தாளி தலை தெரிந்ததும் அடுப்பை அணைக்கிறவர்களோடு ஒரே சந்தில் குடியிருந்திருக்கிறேன். ஆனால் சொந்த ரத்தத்தில் கஞ்சத்தனம் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் மலாக்காவில், காஜா பெராங்கில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் வந்து குடியிருந்தார். என் தலையெழுத்து அப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மண்டபத்தில் ரத்த தான முகாம் நடந்தது. பையன்கள் வரிசையாகப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். எழுந்ததும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சான்றிதழ். சான்றிதழை வாங்கும்போது இன்னொரு போட்டோ. அதையெல்லாம் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிட்டது. அவரை அந்தக் கட்டிலில் படுக்கச் சொல்லியிருந்தால் மண்டபத்துக்கே தீ வைத்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் எங்கள் சந்தில் எல்லாரும் அவரை ஒருசொட்டு என்றுதான் சொல்வார்கள். நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்குப் பின்னால் ஒரு மாமாவை ஒட்டிக்கொள்வோம். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் இல்லாமல் ஊரில் லாரியெல்லாம் படுத்துக் கிடந்த காலம் அது. முன்பு காரில் போன பெரிய மனிதர்கள் இவருடைய வண்டிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தத் திமிர் வேறு.

நான் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. என் வீட்டுக்காரர் தையல்காரர். துணியே கிடைக்காத காலத்தில் தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் எவ்வளவு இனிமையாகப் பேசுவாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சந்தில் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனவர்கள் அதிகம். ஒதுங்காதவர் ஒருசொட்டு மாமா மட்டும்தான். அவருடைய மாடு என் மரவள்ளிச் செடியை மேயும். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில் மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. நான் மாட்டைத் திட்டுவேன். மாட்டுக்குப் பதிலாக அவர் பேசுவார்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் சந்துக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி. அங்கே இருப்பவர்கள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள். பேசுவது மட்டும் மலாய். அம்மன் கோயில் அவர்களுடையது. தலைவரும் அவர்களில் ஒரு பெரியவர்தான். வருஷா வருஷம் அம்மன் திருவிழாவுக்கு நம் ஆட்களும் அங்கே போய்க் காவடி எடுப்பார்கள். ஒருசொட்டு மாமா ஒரு கன்னத்தில் வேலைக் குத்தி மறு கன்னத்தில் வாங்கிக்கொண்டு காவடி எடுப்பார். சுத்தமாக விரதம் இருந்தவனுக்கு ரத்தம் வராது என்பது ஊரறிந்த சங்கதி. மற்றவர்கள் கோயிலில் வேலை உருவியதும் திருநீற்றை அப்பிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் கன்னத்தை நீட்டுவார்.

"ஒரு சொட்டு வந்துச்சா? நல்லா பாத்துச் சொல்லு. ஒரு சொட்டு வந்துச்சா?"

"வரலைங்க மாமா."

"வராது!"

கோயிலில் கேட்டு முடிந்தால் பாசாருக்குப் போவார். மீன் விற்கிற சீனத்தியிடம்கூடக் கன்னத்தைக் காட்டி மலாயில் கேட்டிருக்கிறார். அவள் ஒரு பழைய மீனைத் தூக்கிக் காட்டி, இதிலும்தான் ஒரு சொட்டு இல்லை, வாங்கிக்கொள் என்றாளாம்.

இந்தப் புகழைக் காப்பாற்ற மனிதர் வருஷம் முழுக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. சவரம் செய்துகொள்ளமாட்டார். கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டால் என்ன ஆகும்? கத்தரிக்கோலால் தாடியை அங்கங்கே நறுக்கிவிட்டுக்கொண்டு, எலி கடித்த தேங்காய் மாதிரி முகத்தோடு அலைவார். வண்டியில் ஆணி கழன்றால் அடிப்பதற்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். எல்லாவற்றையும்விடக் கொசுதான் அவருக்குப் பெரிய விரோதி. சாயங்காலமானால் தேங்காய் மட்டையைக் கொளுத்திச் சந்து முழுக்கப் புகை போட்டுவிடுவார். எங்கள் கண்ணெல்லாம் எரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்று கத்தினேன்.

"என்ன மாமா, கொசுவுக்குக் கொஞ்சம் குடுத்தாத்தான் என்ன? அதுவும் பிள்ளைகுட்டிக்காரியா இருக்கும்!"

"ஏ புள்ள, இது ஆத்தாளுக்குன்னு வச்சிருக்கிற உடம்பு. கொசுவுக்கெல்லாம் எடுத்து ஊத்த முடியாது."

சொன்ன கையோடு முழங்கையில் பட்டென்று ஒன்றை அடித்தார். கையை எடுத்தால் சிவப்பாக ஒரு தீற்றல். நான் பார்த்துவிட்டேனா என்று நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டேன். வேட்டி நுனியால் அதை மூடிக்கொண்டு, "இது கொசுவோட ரத்தம்," என்றார்.

ஜப்பான்காரன் வந்தபிறகு நடந்த முதல் திருவிழாவில்தான் அவருடைய தலைக்கனம் எல்லை மீறியது. முச்சந்தியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருப்பான். அவனைத் தாண்டிப் போகிறவர்கள் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கும்பிடாதவனுக்குக் கன்னத்தில் விழும். ஊர்வலம் அங்கே வந்தது. எல்லாரும் குனிந்தோம். தோளில் காவடியும் வாயில் வேலுமாக இருக்கிறவர் எப்படிக் குனிவது? நட்டுக்குத்தாக நின்றார். சிப்பாய் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அறைய இடமில்லை, இரண்டு கன்னத்திலும் வேல். அவன் இவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வேல் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று குனிந்து பார்த்தான். பிறகு பின்பக்கமாகவே நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றுகொண்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

ஒருசொட்டு மாமா சொன்ன கதை வேறு.

"ஜப்பான்காரனே கும்புட்டான்! வெள்ளைக்காரனை விரட்டினவன்! எனக்கு முன்னால குனிஞ்சு கும்புட்டான்! எதுக்கு? ஒரு சொட்டு வந்துச்சா?"

கோயில் வாசலில் இதையே ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு வந்தவர், சண்டையையெல்லாம் மறந்து என்னிடமும் வந்து கன்னத்தை நீட்டினார். "ஏ புள்ள, நீயும் பாத்தேல்ல? சொல்லு, ஒரு சொட்டு வந்துச்சா?"

காலையிலிருந்து வெறும் வயிறு. வெயில் வேறு. என் வாய் சும்மா இருக்குமா?

"உடம்புல ரத்தம் இருந்தாத்தானே மாமா வர்றதுக்கு!"

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தமிழ் தெரியாத கோயில் தலைவர் என்னவென்று கேட்டார். யாரோ மலாயில் சொன்னார்கள். அவர் தனியாக இன்னொரு தரம் சிரித்தார். ஒருசொட்டு மாமா நீட்டிய கன்னத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. என்னைத் திட்டவேண்டுமென்றால் மாட்டிடம் சொல்வார். மாடு என்னைப் பார்க்கும்.

அடுத்த திருவிழா வந்தது. கொடியேற்றி அவர் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் கயிறு ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அது கையில் ஏறிவிட்டால் சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகக்கூடாது. உடம்பில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்பது அவரே சேர்த்துக்கொண்ட சட்டம். அந்த நேரம் பார்த்துத்தான் நான் பிள்ளை பெற்றேன்.

வீட்டில்தான் பிரசவம். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்து ஊரைக் கூட்டி அழுதது. எனக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. விரித்த துணியெல்லாம் நனைந்துகொண்டே போனது. மருத்துவச்சி வாயால் தைரியம் சொன்னாள். அவள் முகம் வேறு சொன்னது. என் வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்கு ஓடினார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"மாமா, வண்டி வேணும். பெரியாஸ்பத்திரிக்கு."

"காப்புக் கட்டியிருக்கேனே தம்பி. பிள்ளை பெத்தவளை எப்படி ஏத்துறது?"

"செத்துப் போயிடுவா மாமா."

மாட்டை வண்டியில் பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. "வண்டி போகட்டும். மாடு இழுக்கட்டும். நான் ஏறமாட்டேன், அவளைத் தொடமாட்டேன், திரும்பியும் பாக்கமாட்டேன். ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லணும்."

அப்படித்தான் போனோம். பிள்ளையை மருத்துவச்சியிடம் விட்டுவிட்டு, பாயில் சுருட்டி என்னை வண்டியில் கிடத்தினார்கள். ஒருசொட்டு மாமா மாட்டுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். காலை வெயிலில் ஆஸ்பத்திரி வரைக்கும் திரும்பவே இல்லை. முன்னால் பார்த்தபடியே என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, மூச்சு இருக்கா?"

"இருக்கு மாமா."

"என்னைத் திட்டுறாளா?"

"இல்லை மாமா."

"அய்யய்யோ, அப்ப ஆபத்துதான்!" என்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வண்டியில் என் எலும்பெல்லாம் குலுங்கியது. 

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், மருந்துக்கே பஞ்சம், ரத்தத்துக்கு எங்கே போவது, சொந்தக்காரர்கள் யாராவது கொடுத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சிலோன்காரர் ஒருவர் அங்கே டாக்டருக்கு ஒத்தாசையாக டிரெஸர் வேலையில் இருந்தார். ஒல்லியான மனிதர், எல்லார் மேலும் எரிந்து விழுவார். விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் வைத்து, என் ரத்தத்தோடு சேருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. என் வீட்டுக்காரர் முதல் ஆளாக விரலை நீட்டினார். சேரவில்லை. பால் திரிகிற மாதிரி திரிந்து நின்றதாம். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கூட வந்த மற்ற ஆண்பிள்ளைகளின் வீரத்தையும் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணன், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்," என்று போனார். அவருக்கு மாடே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மயக்கம் வருகிறது என்று வெளியே போய், மயங்காமல் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. எலும்பும் தோலுமானவர்களுக்கு அவ்வளவு வேகமாக ஓட எங்கிருந்து பலம் வந்தது என்றுதான் கேட்கிறேன்.

என் கட்டில் ஜன்னலோரம். வெளியே மரத்தடியில் வண்டி நின்றது. டிரெஸர் எட்டிப் பார்த்தார். மாட்டுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றார்.

"ஓய், வண்டிக்காரரே! இஞ்ச வாரும். ஒரு சொட்டு ரத்தம் தாரும், பாப்பம்."

தமிழில் எத்தனையோ வார்த்தை இருக்க, அந்த மனிதரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எனக்கு வராதுங்க," என்றார் ஒருசொட்டு மாமா, திரும்பாமலே.

"என்ன வராது?"

"ரத்தம். ஒரு சொட்டு வராது. காஜா பெராங்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஜப்பான்காரனே..."

"ரத்தம் வராத மனிசன் உலகத்தில இல்லை ஐயா!"

"நான் இருக்கேன்ல?"

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. பிள்ளையின் முகத்தைக்கூட நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. சாகப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பயத்துக்கு மேலே, இந்த மனிதருடைய வீம்பில் போய் நான் சாகப்போகிறேனே என்று ஆத்திரம் ஏறியது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

"விடுங்க டிரெஸர். அவர் உடம்புல இருந்தாத்தானே!"

வெளியே காலடிச் சத்தம் கிட்டே வந்தது. பிறகு ஜன்னல் கம்பிக்குள் ஒரு விரல் நீண்டு வந்தது. முகம் இன்னும் அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

"குத்துய்யா!"

டிரெஸர் குத்தினார். கண்ணாடியில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "சேருது," என்றார். "வாரும், வந்து படும். ஒரு போத்தல் வேணும்."

"போத்தலா? ஒரு சொட்டுன்னுதானே சொன்னீங்க!"

அதற்குப் பிறகுதான் நான் பார்த்ததிலேயே பெரிய வழக்கு நடந்தது. ஒருசொட்டு மாமா மரத்தடிக்குப் போனார். கோயில் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து நின்றுகொண்டு அம்மனிடம் பேச ஆரம்பித்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. எனக்கு எல்லாம் கேட்டது.

"ஆத்தா, இது உனக்குன்னு வச்சிருந்தது. யாருக்கும் குடுத்ததில்ல, உனக்கே தெரியும். கொசுவைக்கூடக் கிட்ட விட்டதில்ல. இப்ப போயும் போயும் இந்த வாயாடிக்குக் கேக்கறாங்க. குடுத்தா இந்த வருஷம் உன் காவடி எனக்குக் கிடையாது. குடுக்கலைன்னா, ஒரு பச்சப்புள்ள தாயில்லாம கிடக்கும். நீயே சொல்லு. வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

காத்துக்கொண்டு நின்றார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. மாடு மட்டும் ஒரு தரம் கத்தியது. "நீ சும்மா இரு, உன்னைக் கேக்கல," என்று அதை அதட்டிவிட்டு, கையிலிருந்த காப்பைத் தானே அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டு உள்ளே வந்தார்.

வந்ததும் டிரெஸருக்குச் சட்டம் போட்டார். "குழாய்ல நேரா போகணும். வெளிய ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்துச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்."

"நீர் முதல்ல படும் ஐயா!"

பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கன்னத்தில் வேல் ஏறும்போது சிரித்துக்கொண்டே நிற்கிறவர், அந்த ஊசிக்கு அம்மனையும் முருகனையும் முறை வைத்துக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒற்றைக் கண்ணைத் திறந்து போத்தலைப் பார்த்தார். கருஞ்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. தன் ரத்தத்தை அவ்வளவு மொத்தமாக அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா புள்ள? இருக்கு!"

நான் கண்ணை மட்டும் மூடித் திறந்தேன்.

"நிறையவே இருக்கு! பாத்துக்க!"

"கதையாதேயும் ஓய்!" என்று டிரெஸர் கத்தினார்.

அந்தப் போத்தல் என் கைக்குள் இறங்கி முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண் தெளிந்தது. நர்ஸ் மிஸ்ஸி வந்து ரத்தம் கட்டுப்பட்டுவிட்டது என்றாள். ஒருசொட்டு மாமாவுக்குச் சர்க்கரையில்லாத கொப்பியும் அவித்த மரவள்ளியும் கொடுத்தார்கள். கொப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குடித்து முடித்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் தரையெல்லாம் தேடினார்.

"கீழ ஒரு சொட்டு விழுந்துச்சா?"

"விழேல்லை. போம்!" என்றார் டிரெஸர்.

போகிற போக்கில் என் வீட்டுக்காரரிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினார். "இது வெளிய தெரியக்கூடாது. என் உடம்புல ஒரு சொட்டு வராதுன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன். ஒரு போத்தல் வந்துச்சுன்னா மானம் போயிடும்." கொடுத்ததை யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சிய கொடையாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

கோயில் தலைவர் அவருடைய வெறும் கையைப் பார்த்துவிட்டார். காப்பு எங்கே என்று மலாயில் கேட்டார். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார் இவர். ஏன் அவிழ்த்தாய் என்றார். எதற்கெடுத்தாலும் வாய் கிழியப் பேசுகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். "தாக் போலே," என்றார் தலைவர். காவடி கூடாது என்றால் கூடாதுதான். ஊர் சும்மா இருக்குமா? ஜப்பான்காரனுக்குப் பயந்துவிட்டார் என்றார்கள் சிலர். விரதத்தில் கருவாடு தின்று மாட்டிக்கொண்டார் என்றார்கள் சிலர். ஆத்தா அவரைக் கைவிட்டுவிட்டாள் என்று முதலில் கிளப்பியது யார் தெரியுமா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டப்போன என் வீட்டுக்காரரின் அண்ணன்தான். எனக்கு நாக்கு அரித்த அரிப்பை நான் யாரிடம் சொல்வது? சத்தியம் பண்ணித் தொலைத்துவிட்டேனே.

திருவிழாவன்று சந்தே காலி. பிள்ளை பெற்ற தீட்டு என்று நான் வீட்டில். காப்பை அவிழ்த்த பாவத்துக்கு அவர் எதிர்வீட்டில். மேளச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்தது.

"ஏ புள்ள. குழந்தை பால் குடிக்குதா?"

"குடிக்குது மாமா."

"குடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுவருஷம் தலைவர் அனுமதி கொடுத்தார். ஒருசொட்டு மாமா காவடி எடுக்கிறார் என்றதும் கம்போங் செட்டியே திரண்டு வந்துவிட்டது. கடலோரத்து உஜோங் பாசிரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. ஆத்தா கைவிட்ட ஆளுக்கு ரத்தம் வருகிறதா இல்லையா என்று பார்க்க வந்த கூட்டம். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். மரவள்ளி தின்ற உடம்பு. கன்னத்தில் சதையே இல்லை. ஆனாலும் வேலைக் குத்திக்கொண்டு, வெயிலில் ஊர்வலம் முழுக்க வந்து சேர்ந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் முன்வரிசையில் நின்றேன்.

வேலை உருவினார்கள்.

வலது கன்னத்தில், நான் நின்ற பக்கத்தில், சிவப்பாக ஒன்று துளிர்த்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதானது. அவருக்கும் தெரிந்துவிட்டது. கூட்டம் அவருடைய கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பப் பார்த்தார், திரும்ப இடமில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். மாட்டையும் இந்த ஒரு பெருமையையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

நான் போனேன். திருநீற்றை அள்ளி அவர் கன்னத்தில் அப்பி, முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். துடைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். கடவுள் கொடுத்த தொண்டையை அன்றைக்குத்தான் முழுசாகத் திறந்தேன்.

"ஒரு சொட்டு வந்துச்சா? யார் கண்ணுலயாவது பட்டுச்சா? பட்டவங்க முன்னால வாங்க! வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க!"

ஒருத்தரும் வரவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார். என்ன சொல்கிறாள் என்று தலைவர் மலாயில் கேட்டார். ரத்தம் வரவில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "இவளே சொல்றான்னா, அப்ப வரலைதான்." மாமாவுக்கு என்னைவிடப் பெரிய எதிரி அந்த ஊரிலேயே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒருசொட்டு மாமா என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "கை சுத்தமா புள்ள?" என்றார்.

"சுத்தம்தான் மாமா."

"சரி," என்றவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "வராது!" என்று ஒரு முழக்கம் போட்டார். அன்றிலிருந்து முன்பைவிட மோசமாகிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய மாடு என் மரவள்ளிக்கு நடுவில் நிற்கிறது.

என்னிடம் உருப்படியாக இருந்த சேலை அது ஒன்றுதான். கிழிந்தால் மாற்றுக்கு வழியில்லாத காலம். என் வீட்டுக்காரர் முந்தானையைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு நல்ல துணியில் இப்படிக் கறையா என்று தையல்காரராக வருத்தப்பட்டார். சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தால் போயிருக்கும். நான் தேய்க்கவில்லை.